மாலையைக் கழற்றிய பிறகு எங்கே போவது?

குடிநோயாளிகளுக்கு ஆலோசகராக மதுரையில் வேலை பார்க்கும் எனக்கு, தை பிறந்தால் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "சார், மாலை போட்டிருந்தப்ப ஒரு சொட்டு தொடலை. கழட்டின அன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன்." உசிலம்பட்டிக்காரர் சொன்னாலும் மேலூர்க்காரர் சொன்னாலும் இதேதான். கோயிலில் கயிறு கட்டியவர்களும் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்களும் வேறு வார்த்தையில் இதையே சொல்கிறார்கள். "48 நாள் இருந்த மனுஷனுக்கு அதுக்கப்புறம் இருக்கத் தெரியாதா?" என்று கூட வந்த மனைவி கேட்பார்.

நியாயமான கேள்வி. மாலை போட்டிருக்கும்போது அவருக்கு ஒரு குருசாமி இருக்கிறார். கூட பஜனை பாட ஆள் இருக்கிறது, சாயங்காலம் போவதற்கு இடம் இருக்கிறது, தெருவே அவரை "சாமி" என்று கூப்பிடுகிறது. கழற்றியதும் இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன. ஆனால் சாயங்காலம் தினமும் வருகிறது, டாஸ்மாக்கும் அதே இடத்தில் இருக்கிறது. குடியை நிறுத்துவது ஒரு வேலை, நிறுத்திய பின் நாளைக் கடத்துவது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலைக்குத்தான் குழு.

நான் சொல்வது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியால் நொந்துபோன ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரும் தொடங்கியது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் இதில் சேரத் தகுதி. கட்டணம் கிடையாது, யாரையும் அடைத்து வைப்பதும் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பலரும் இதை மறுவாழ்வு மையத்தோடு குழப்பிக்கொண்டு பயப்படுகிறார்கள். இது ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோ உட்கார்ந்து பேசிவிட்டு வீடு திரும்பும் கூட்டம், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் அடங்கும் என்ற நிலையில் இருப்பவரை நேராகக் கூட்டத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். அவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அடுத்து மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, கடும் காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவமனை. அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மருந்தை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அது உள்ளே இருப்பது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகக்கூடும்.

சரி, கூட்டத்தில் என்ன நடக்கும்? ஒருவர் தலைமை ஏற்பார். கொஞ்சம் மௌனம், ஒரு பிரார்த்தனை, அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார்கள். குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரையும் சொல்ல மாட்டார்கள். முதல் நாள் நீங்கள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். கடைசியில் ஒரு பையோ தட்டோ சுற்றி வரும், விருப்பம் இருந்தால் போடலாம். இடம் சில ஊர்களில் சர்ச் வளாகமாக இருக்கும். மதம் மாற்றுவார்களோ என்று தயங்க வேண்டாம், ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. கடவுள் என்ற பேச்சு வரும், ஆனால் எந்தக் கடவுள் என்பது அவரவர் புரிதல்.

கொஞ்ச நாள் போன பிறகு ஸ்பான்சர் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். குடியை விட்டு வருடங்கள் ஆன மூத்த உறுப்பினர் அவர். சித்திரைத் திருவிழா நாட்களில், காதுகுத்துக் கிடா விருந்தில், கூட்டாளி பிளாஸ்டிக் கப்பை நீட்டும் நேரத்தில் போன் போட்டுப் பேச ஒரு ஆள். டாக்டரிடமும் என்னிடமும் பொய் சொல்கிறவர்கள் அவரிடம் சொல்வதில்லை. அவரும் அதே பொய்களைச் சொல்லி வந்தவர்தானே. இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியிட்ட அலசல், நோயாளியை முறைப்படி ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்ததாகச் சொல்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் குழுவுக்குப் போங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

பக்கத்தில் எந்தக் குழு கூடுகிறது என்பதை, சிகிச்சை எடுக்கும் இடத்து ஆலோசகரிடம் கேளுங்கள். போதை மீட்புக்கான 14446, மனநல உதவிக்கான 14416 இரண்டுமே இலவச எண்கள்தான், அங்கேயும் வழி கேட்கலாம். நாளும் இடமும் மாறக்கூடும், அதனால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற கூச்சம் இருந்தால் வேறு பகுதிக் குழுவுக்குப் போங்கள். திருமங்கலத்துக்காரர் மதுரைக்குள் வந்து உட்காரலாம், யாரும் முகவரி கேட்கப் போவதில்லை. ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றில் உட்கார்ந்து பாருங்கள். ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள்.

குடும்பத்தாருக்கு 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற தனிக் குழு உண்டு. அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் மனைவியோ அம்மாவோ அதற்குப் போகலாம். பெண்கள் பலர், "அவர் திருந்தட்டும், அப்புறம் நான் வர்றேன்" என்கிறார்கள். காத்திருக்காதீர்கள் அம்மா, இந்த வாரமே போங்கள். அவர் முதல் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால், யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள். அங்கே பேசியதை வெளியே சொல்வதில்லை என்ற நம்பிக்கையில்தான் அவர் அடுத்த வாரமும் போவார்.