மூக்கில் இரத்தம், யன்னலில் ஈரம்: கனடாக் குளிர்காலத்தில் வீட்டுக் காற்றைக் கவனித்தல்

ஜனவரியில் கடுங்குளிர் இறங்கிய ஒரு காலை, ஏழு வயதுப் பேரனை அழைத்துக்கொண்டு ஓர் அம்மம்மா ஸ்காபரோவில் உள்ள எங்கள் சிகிச்சை நிலையத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. அதற்குள் இரத்தம் காய்ந்துபோன தலையணை உறை. இரவு மூக்கிலிருந்து இரத்தம் வந்ததாகவும், பிள்ளையின் தலையை அண்ணாந்து பிடித்ததாகவும், சிறிது நேரத்தில் அவன் வாந்தி எடுத்தபோது அதிலும் இரத்தம் இருந்ததைக் கண்டு வீடே நடுங்கிப்போனதாகவும் சொன்னார். விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு மூக்குத் துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியில், நுண்ணிய இரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் கூடியிருக்கும் இடம் உலர்ந்து, பொருக்குத் தட்டி, ஓரத்தில் வெடித்திருந்தது. பெரும்பாலான மூக்கு இரத்தப்போக்குகள் தொடங்குவது அந்த இடத்தில்தான். வாந்தியில் இருந்தது, அண்ணாந்து பிடித்ததால் தொண்டை வழியே விழுங்கப்பட்ட இரத்தம்.

குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் உண்டா, வேறெங்காவது இரத்தக் கசிவு உண்டா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்ட பின்னர், இன்னொன்றையும் கேட்டேன்: “அம்மா, பிள்ளை படுக்கிற அறையில் ஈரப்பதன் எவ்வளவு?” குளிர்காலம் முழுவதும் இதை நான் பலரிடம் கேட்கிறேன். அறையின் வெப்பநிலையை எல்லோரும் உடனே சொல்லிவிடுகிறார்கள். ஈரப்பதனைச் சொல்பவர் அரிது.

ஹீற்றர்தான் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. குளிர்ந்த காற்றினால் அதிக நீராவியைத் தாங்க முடியாது: மறை 10 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 2 கிராம் நீராவியைத்தான் தாங்கும், 21 பாகையில் அதே அளவு காற்று ஏறத்தாழ 18 கிராம் வரை தாங்கும். கதவு யன்னல் இடுக்குகளால் உள்ளே வரும் வெளிக்காற்றை, ஒரு துளி நீரும் சேர்க்காமல் ஃபர்னஸ் சூடாக்கும்போது, அது தாங்கக்கூடியதில் ஒன்பதில் ஒரு பங்கு ஈரமே அதில் இருக்கும். ஊரில் பாடசாலையில் சாரீரப்பதன் என்று நாம் படித்தது இந்த விகிதத்தைத்தான். நமது மூச்சும் சமையலும் குளியலும் கொஞ்சம் ஈரம் சேர்த்தாலும், கடுங்குளிர் நாட்களில் படுக்கையறை அளவு 20 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது இங்கே சாதாரணம். அப்படிப்பட்ட காற்று தனக்குத் தேவையான ஈரத்தை நம் தோலிலிருந்தும், கண்ணிலிருந்தும், மூக்கின் உட்படலத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

மூக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய சளிப்படலம், நாம் உள்ளிழுக்கும் தூசியையும் கிருமியையும் பிடித்து, நுண்மயிர்களின் அசைவினால் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும் காவல் ஏற்பாடு. அது உலர்ந்து தடித்துவிட்டால் அந்த ஓட்டம் தளர்கிறது. கிருமிப் பக்கமும் இதேபோல ஒரு கதை உண்டு: 2007இல் நியூயோர்க்கில் கினிப் பன்றிகளை வைத்துச் செய்த ஆய்வில், 20 பாகை வெப்பநிலையில், ஈரப்பதன் 20 அல்லது 35 சதவீதமாக இருந்தபோது இன்ஃபுளுவென்சா எளிதாகப் பரவியது, 80 சதவீதத்தில் பரவவில்லை. 80 சதவீதம் மனிதர் வாழும் வீட்டுக்குப் பொருந்தாது. ஈரப்பதனைச் சரிசெய்வது தடுப்பூசிக்கு மாற்றும் ஆகாது. ஆனாலும் மிக உலர்ந்த அறையில் பிள்ளையைப் படுக்கவைப்பதை நான் விரும்புவதில்லை. முதியவர்களிடம் இதே வறட்சி வேறு முகத்தில் வருகிறது: இரவில் கெண்டைக்காலைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு, சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று மாதத்துக்கு ஒரு சோப்பாக மாற்றுகிறார்கள். அறைக்கு ஈரமும், குளித்த கையோடு தோலுக்கு வாசலினும் கிடைத்ததும் இவர்களில் பலருக்கு நமைச்சல் தணிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூக்கில் இரத்தம் வந்தால் செய்யவேண்டியதை அந்த அம்மம்மாவுக்குச் சொன்னபடியே இங்கும் சொல்கிறேன். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னே குனியச் செய்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் விட்டுப் பார்க்கக் கூடாது. அரை மணி நேரம் கடந்தும் நிற்காவிட்டாலோ, இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவருக்கு எளிதில் நிற்காவிட்டாலோ, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

வறட்சி கெடுதல் என்று கேட்டதுமே கடைக்குப் போய்ப் பெரிய ஹியூமிடிஃபயர் (காற்றுக்கு ஈரம் ஊட்டும் கருவி) வாங்கிவருவதையும் நான் அஞ்சுகிறேன். நம்மவர் வீடுகளில் ஒரே கூரையின் கீழ் இரண்டு காலநிலைகள் உண்டு. அந்தச் சிறுவனின் வீட்டிலேயே, பிறகு ஈரப்பதனை அளந்தபோது, மேல்மாடிப் படுக்கையறை 17 சதவீதம் காட்டியது. வாடகைக்கு இருந்தவர்களின் பேஸ்மென்ற் 58 காட்டியது. அங்கே புட்டும் இடியப்பமும் அவிக்கும் ஆவி, வெந்நீர்க் குளியலின் ஆவி, கொடியில் காயும் துணிகளின் ஈரம் எல்லாம் வெளியேற வழியின்றித் தங்கி, வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சையாகப் படர்ந்திருந்தது. பூஞ்சையும், ஈரப்பதன் 50 சதவீதத்தைத் தாண்டினால் பெருகும் தூசிப்பூச்சியும் ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சிறைப்பைத் தூண்டும். அந்தப் பேஸ்மென்றுக்கு வேண்டியது சமைக்கும்போதும் குளித்த பின்னரும் ஓடும் வெளியேற்று விசிறி. மேலறைக்கு வேண்டியதுதான் ஈரம்.

கோடையில் ஏறத்தாழ 50, குளிர்காலத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் என்பது கனடாச் சுகாதாரத் திணைக்களத்தின் அறிவுரை. 30 குறைவாகத் தோன்றலாம்; காரணம் யன்னல். 21 பாகையில் 50 சதவீத ஈரம் கொண்ட காற்று, ஏறத்தாழ 10 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீராகப் படியும். 30 சதவீதமானால் அந்தப் பரப்பு ஏறத்தாழ 3 பாகைக்கு இறங்க வேண்டும். வெளியே மறை 20 இருக்கும் காலையில் கண்ணாடியின் கீழ்விளிம்பில் நீர் கோத்து யன்னற்படியில் வடிந்தால், ஈரப்பதனை அளக்கும் கருவியில் எந்த எண் தெரிந்தாலும், அன்றைக்கு ஈரத்தைக் குறையுங்கள். வீணையும் மிருதங்கமும் உள்ள வீடுகளுக்கு இது இரட்டைக் கவலை: பலாமரம் வறட்சியில் வெடிக்கும். அவற்றுக்காக வீடு முழுவதையும் நனைக்காமல், உறைக்குள் அல்லது ஓர் அறைக்குள் மட்டும் ஈரத்தைப் பேணுவது நல்லது.

ஹியூமிடிஃபயர் வாங்கினால் பராமரிப்பும் சேர்ந்தே வருகிறது. தண்ணீரைத் தினமும் கொட்டி மாற்ற வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் தேங்கிய நீரில் வளரும் கிருமியையே அறைக்குள் ஊதுகிறோம். குளிர்ந்த புகைபோலப் பனியைத் தள்ளும் மீயொலிக் கருவிகள், தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணத்தையும் சேர்த்தே வீசுவதால் தளபாடங்களில் வெண்தூள் படிகிறது. நமது ஒன்ராறியோ ஏரித் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் படிவதும் அதுதான். கொதித்து ஆறிய நீரை ஊற்றினால் சரியாகிவிடும் என்று எண்ணவேண்டாம். கொதிக்கவைப்பது உப்புகளை முழுவதும் நீக்காது, ஆவியாக்கிக் காய்ச்சி வடித்த நீரே வேண்டும். திரியில் உறிஞ்சி விசிறியால் காற்றூதும் வகை இவ்வளவு தூள் வீசாது. பிள்ளைகளின் அறைக்கு அதையே நான் பரிந்துரைக்கிறேன். படுக்கையருகே கொதிநீர்ப் பாத்திரம் வைப்பதை வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வெந்துபோன கைகளுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஈரப்பதன்மானி ஒன்று வாங்குங்கள்; விலை அதிகமில்லை. மலிவான கருவிகள் சில அலகுகள் பிழையாகக் காட்டுவதுண்டு; அதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பை எடுத்து, குழையும் அளவுக்கு மட்டும் சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்து, உப்பு அதில் படாதபடி, இறுக்கி மூடும் பிளாஸ்ரிக் பைக்குள் வைத்து இரவு முழுவதும் அறை வெப்பத்தில் விடுங்கள். ஈர உப்பின் மேலுள்ள காற்று 75 சதவீதத்தில் நிற்கும். காலையில் மானி 70 காட்டினால் அது ஐந்து குறைத்துக் காட்டுகிறது. அந்த ஐந்தை அதன் முதுகில் எழுதி ஒட்டிவிட்டு, பிள்ளை படுக்கும் அறையில், கட்டிலின் உயரத்தில், ஹீற்றர் காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள்.