ராத்திரி போட்டோவுக்கு 108 மெகாபிக்சல் வேண்டாமுங்க

இந்த மாசத்துல இது நாலாவது ஆளுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கத்துல இருந்து ஒருத்தர் நம்ம போட்டோ பிரிண்ட் கடைக்கு வந்தாரு, அவரு மக ராத்திரி 'வள்ளி கும்மி'ங்கற நாட்டுப்புற ஆட்டத்தோட அரங்கேற்றத்துல ஆடுன போட்டோவ 12க்கு 18 இஞ்சு சைஸ்ல போடோணும்னு ஃப்ரேமையும் முன்னாடியே வாங்கிட்டு வந்துட்டாரு. சிஸ்டத்துல போட்டு முகத்தைப் பெருசு பண்ணுனா கன்னம் பூரா ரவையத் தூவுன மாதிரி செவப்பும் பச்சையுமா புள்ளி, கண்ணு எது புருவம் எதுன்னு பிரியல. "ஏனுங்ண்ணா, 108 மெகாபிக்சல்ல வெச்சுத்தானுங்ண்ணா எடுத்தேன்"ங்கறாரு. தப்பே அதுதானுங்க!

மெகாபிக்சல்ங்கறது படத்தை எத்தனை புள்ளியா பிரிக்குதுங்கற கணக்கு மட்டுந்தான். வெளிச்சத்தைப் புடிக்கறது லென்ஸுக்குப் பின்னாடி இருக்கற சென்சாருங்கற சில்லோட பரப்பு, போன்ல அது சுண்டுவெரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். வாய்க்காப் பாசனம் பண்றவங்களுக்கு இது சட்டுனு புரியும். மொறைத்தண்ணி ஒரே அளவுதான் வருது, அதை 12 பாத்திக்கு உட்டா நெறைஞ்சு நிக்கும், 108 பாத்தியா பிரிச்சா ஒவ்வொண்ணுலயும் மண்ணு குடிச்சது போக என்னங்க மிஞ்சும்? பகல்ல தண்ணி கரைபொரண்டு வருது, பிரச்சனையில்ல. ராத்திரி கசியற தண்ணிதான்.

அதனாலதான் போனே 9 புள்ளிய ஒண்ணாச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமா குடுக்குது. இதைப் போய் "108னு வித்துட்டு 12 தான் தர்றான், ஏமாத்து வேலை"ன்னு செட்டிங்ஸை மாத்தி வெக்கறாங்க, ஏமாத்தே இல்லீங்க அது, 4 புள்ளியச் சேர்த்தாலே நாய்ஸ், அதாவது அந்த ரவை தூவுன மாதிரி பிசிறு, பாதியாகும், 9 சேர்ந்தா மூணுல ஒரு பங்கு. 108 மோடு போட்டா பல படத்தைச் சேர்த்துச் சுத்தம் பண்ற வேலையும் நெறைய போன்ல நின்னு போகுது.

கேமராலயும் இதேதான். கேனான் 2008ல ஜி10ஐ 14.7 மெகாபிக்சல்ல உட்டுட்டு, அடுத்த வருஷமே ஜி11ல அதே அளவு சென்சாருக்கு 10ஆ குறைச்சுது. சோனி 2014ல ஏ7எஸ்ஸை 12 மெகாபிக்சல்ல கொண்டு வந்தப்ப அதோட கூட்டாளி ஏ7ஆர் 36 வெச்சிருந்துது, இருட்டுல வீடியோ எடுக்கறவங்க தேடிப் போனது 12ஐத்தான். (தொழில்காரங்களுக்கு ஒண்ணு, ஏ7ஆர் மாதிரி பெரிய சென்சார் வெச்ச ஃபுல் ஃப்ரேம் கேமரால 36ல எடுத்துச் சுருக்குனாலும் போட்டோவுல பெரிய வித்தியாசம் தெரியாது, அந்த சென்சார் பெருசு, அதையும் போனையும் ஒண்ணாப் பேசாதீங்க.)

பெரிய பிரிண்டுக்கு 12 பத்தாதாமா? அகலம் 4000 புள்ளி, 18 இஞ்சுக்குப் பிரிச்சா இஞ்சுக்கு 222 வருது, செவுத்துல மாட்ட தாராளமுங்க.

108ஐ பகல்ல மலைக்கும் கோபுரத்துக்கும் வெச்சுக்குங்க. ராத்திரில ஜூம் பண்ணாதீங்க, நாலு எட்டு நடந்து கிட்டப் போங்க, லென்ஸைத் தொடைங்க. கும்மில கை வீசித் திரும்பறப்ப வேண்டாம், அடவு முடிஞ்சு நிக்கற நொடிய எடுங்க. ஐஎஸ்ஓவ (படத்தோட வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டற செட்டிங்) குறைக்கறேன்னு ஷட்டரை மெதுவாக்காதீங்க, நாய்ஸையாவது கொஞ்சம் தேத்தலாம், ஆடிப்போன படத்தை ஒண்ணும் பண்ண முடியாது. பிரிண்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனா தயவுபண்ணி டாக்குமெண்ட்டா அனுப்புங்க.

அவருக்கு 5க்கு 7ல சுருக்கிப் போட்டுக் குடுத்தனுங்க. புள்ளியெல்லாம் அடங்கி புள்ளையோட சிரிப்பு தெரிஞ்சுது. பெரிய ஃப்ரேமை வெறுமனே கக்கத்துல வெச்சுட்டுப் போனாரு.