பொங்குகிற மண்ணெல்லாம் வளமான மண் இல்லை

எங்கள் மண் ஆய்வுக்கூடத்துக்கு இதே சந்தேகத்தோடு வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புக்கல் கரட்டுச் சரிவில் தோட்டம். கையில் வேறெங்கோ வாங்கிய ஆய்வுச் சீட்டு: ‘மொத்தக் கார்பன் 2.8 சதவீதம்’. “0.75 தாண்டுனாலே அதிகம்னு நீங்கதானே சொன்னீங்க? இனி எருவை நிறுத்திப்போடலாமுங்களா?” என்கிறார். அதே மண்ணில் நாங்கள் பார்த்த அங்ககக் கார்பன், அதாவது இலைதழையும் எருவும் மக்கித் தருகிற கார்பன், 0.4 சதவீதம். குறைவு என்பதற்கான வரம்பே 0.5.

எத்தனை தடவை சொல்வது! மொத்தக் கார்பன் வேறு, அங்ககக் கார்பன் வேறு. நூறு கிராம் சுண்ணாம்புக்கல்லில் 12 கிராம் கார்பன் இருக்கிறது. மண்ணில் 20 சதவீதம் சுண்ணாம்பு இருந்தால் 2.4 சதவீதம் கல்லிலிருந்தே வந்துவிடும். நுண்ணுயிர் அதைத் தின்னாது. மண்ணை எரித்து அளக்கும் கருவிக்கு இலைமக்கு எது, சுக்கான்கல் (சுண்ணாம்புக்கல்) எது என்று தெரியாது. அமிலம் விட்டுச் சுண்ணாம்பைப் போக்கிய பிறகே எரிக்க வேண்டும். நாங்கள் டைக்குரோமேட் என்ற வேதிப்பொருளை வைத்து அளக்கும் முறை கல்லைத் தொடாது. (மக்கையும் முழுசாகப் பிடிக்காது, 1.3ஆல் பெருக்கித்தான் சொல்கிறோம்.) அமிலம் பட்டதும் மண் ‘புஸ்’ என்று பொங்கினால், சுண்ணாம்பு இருக்கிறது. அவ்வளவுதான்.

சுண்ணாம்பிலுள்ள கால்சியம் மக்கைக் களிமண்ணோடு கட்டிவைக்கும் என்பது உண்மை. ஆனால் சரிவில் மண்ணே நிற்கவில்லையே! ஒரு கனமழைக்கு மேல்மண் மக்கோடு கீழ்க்காட்டுக்கு, அதாவது சரிவின் அடியிலுள்ள நிலத்துக்கு, போய்விடுகிறது. மிச்சத்தை உழவு உடைத்துப் போட, நுண்ணுயிர் தின்று கரியமில வாயுவாக விடுகிறது. அதில் கொஞ்சம் மழைநீரில் கரைந்து, கல்லையும் அரித்துக்கொண்டு கிணற்றில் சேர்கிறது. தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது அதன் மிச்சம்தான்.

சரி, செய்ய வேண்டியது என்ன? சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். வரப்புப் போட்டு, அதில் வெட்டிவேர் வையுங்கள். அறுவடைக்குப் பிறகு மிஞ்சும் தட்டையைக் கொளுத்தாமல் மண்மேல் மூடாக்காகப் போடுங்கள். ஏற்கெனவே பொங்குகிற மண்ணில், யாரோ காணொலியில் சொன்னார் என்று மறுபடி சுண்ணாம்பு தூவாதீர்கள், புண்ணியமாகப் போகும். எருவை நிறுத்தவே வேண்டாம்.

மண் மாதிரியை எரு போடுவதற்கு முன்பே எடுங்கள், 15 சென்டிமீட்டர் ஆழம். மேல்காட்டையும் கீழ்க்காட்டையும் ஒரே பையில் கலக்காதீர்கள். பைமேல் ‘சுண்ணாம்புக் கரடு’ என்று இரண்டு வார்த்தை எழுதிக் கொடுங்கள்.