காசு அதிகம் செலவில்லாத வீட்டு அலங்காரம்: கழன்று விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

காலிப் பாட்டில், தகர டின், பழைய துணி, பார்சல் வந்த அட்டைப்பெட்டி. இவற்றை வைத்தே வீட்டை அழகாக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். ஆனால் செய்த ஒரே மாதத்தில் பெயிண்ட் உரிந்து, ஃப்ரேம் சாய்ந்து, அட்டை வளைந்துபோவதைப் பார்த்துவிட்டு, வீட்டில் செய்தால் இப்படித்தான் இருக்கும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி நினைக்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் சிக்கல் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது: சரியாகத் துடைக்காத கண்ணாடி, சோதித்துப் பார்க்காத சுவர், காயவிடாத பசை.

முதலில் கண்ணாடிப் பாட்டில். லேபிளை நகத்தாலும் கத்தியாலும் சுரண்ட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கைப்பிடி சலவை சோடாவைக் கரைத்து, பாட்டிலை அரை மணி நேரம் மூழ்க வைத்தால் பெரும்பாலும் தாள் தானாகவே நழுவி வந்துவிடும். பிசுபிசுப்பு மிஞ்சினால் சமையல் சோடாவையும் சமையல் எண்ணெயையும் சம அளவில் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் கழித்துத் தேய்த்துவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். குளிர்ந்த கண்ணாடி சட்டென்று சூடேறினால் விரிசல் விடும். எண்ணெய்ப் பசை போக சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, கடைசியாக சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். அதன் பிறகு பாட்டிலின் வாயையும் அடியையும் தவிர வேறெங்கும் விரல் படக்கூடாது. கைரேகையில் இருக்கும் எண்ணெயே பெயிண்டை ஒட்டவிடாது.

அக்ரிலிக் பெயிண்டின் முதல் பூச்சு கண்ணாடியின் மேல் திட்டுத் திட்டாக, தூரிகைக் கோடுகளோடுதான் தெரியும். அதைச் சரிசெய்கிறேன் என்று ஈரத்தின் மேலேயே மறுபடி தூரிகையை ஓட்டினால், பாதி காய்ந்த பெயிண்ட் தோல் போலச் சுருண்டு தூரிகையோடு வந்துவிடும். அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது பூச்சு, பிறகு மூன்றாவது, எல்லாமே மெல்லியதாக. தூரிகைக்குப் பதில் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி எடுத்தால் கோடு விழாது. தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும், பெயிண்ட் முழுதாக இறுக மூன்று வாரம் வரை ஆகலாம். அதுவரை கழுவவோ தேய்க்கவோ கூடாது. உட்புறம் பெயிண்ட் ஊற்றிச் சுழற்றிய பாட்டிலில் தண்ணீர் விட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். அது காய்ந்த பூக்களுக்கு மட்டும்தான். நூலைச் சுற்றி, எரியும் திரவத்தில் நனைத்துத் தீவைத்துப் பாட்டிலை வெட்டும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. அதை வீட்டில் செய்யவே வேண்டாம். தீ ஒரு பக்கம். வெட்டிய விளிம்பின் கூர்மை இன்னொரு பக்கம்.

பாட்டிலில் மணி பிளாண்ட் வளர்ப்பது சுலபமான, கண்ணுக்கு நிறைவான அலங்காரம். கொடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அந்தக் கணு தண்ணீருக்குள் இருக்கும்படியும் இலைகள் வெளியே இருக்கும்படியும் வையுங்கள். வேர் விடுவது கணுவிலிருந்துதான். பழுப்பு, பச்சை நிறப் பாட்டில்கள் வெளிச்சத்தைக் குறைப்பதால் பாசி மெதுவாகத்தான் பிடிக்கும். தண்ணீரை வாரம் ஒருமுறையாவது மாற்றியே ஆக வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிய உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பிரஷ் விட்டு உட்புறத்தைத் தேய்க்கவும் வேண்டும். அதனால் பிரஷ் நுழையாத அளவுக்குக் குறுகிய கழுத்துள்ள பாட்டிலைச் செடிக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்தக் கொடியின் இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். குழந்தைகளுக்கும் பூனை நாய்களுக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

தகர டின்னில் மண் நிரப்பிச் செடி வைப்பவர்கள், அடியில் மூன்று நான்கு துளை போடாமல் தொடங்க வேண்டாம். டின்னைக் கவிழ்த்து ஆணி அடித்தால் அடித்தட்டு உள்வாங்கிவிடும். உள்ளே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து அடித்தால் துளை சுத்தமாக விழும். துளை இல்லாத டின்னில் அடியில் கல் போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. தண்ணீர் கல்லுக்கு இடையில் தேங்கி நிற்குமே தவிர எங்கும் போகாது, வேர் அழுகிவிடும்.

அட்டைப்பெட்டிதான் மிகவும் குறைத்து மதிப்பிடப்படும் பொருள். சுவர்ப் பெட்டி, புத்தகத் தடுப்பு, ஃப்ரேம் என்று பலவற்றுக்கும் கைகொடுக்கும். நெளி அட்டையின் வெட்டு முனையைப் பாருங்கள்: இரண்டு தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஓடும். அந்தக் குழல்கள் மேலிருந்து கீழாக நிற்கும்படி வெட்டினால் அட்டை எடை தாங்கும். படுக்கைவாட்டில் வந்தால் மடங்கிவிடும். தட்டு செய்வதானால் இரண்டு அட்டைகளை, ஒன்றின் குழல் மற்றதற்குக் குறுக்காக வரும்படி ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள். வெட்டும்போது பிளேடை அழுத்தி ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் முனை கசங்கும். இரும்பு ஸ்கேலை வைத்து மெதுவாக மூன்று முறை ஓட்டுங்கள், புது பிளேடால்.

அட்டை வளைவதற்குக் காரணம் ஈரம். ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் கலந்த பெயிண்டோ பசையோ பூசினால், அந்தப் பக்கத் தாள் முதலில் ஊறி விரியும், காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கும். பின்பக்கத்திலும் அதே பூச்சை அடித்துவிட்டால் இரண்டு இழுவையும் சமமாகி அட்டை நேராக நிற்கும். துணி ஒட்டும்போதும் கவனம் தேவை. துணியைத் துவைத்து இஸ்திரி போட்டு, நான்கு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பசையை அட்டையின் பின்பக்கத்தில் மட்டும் தடவி, எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவிலிருந்து தொடங்கி மூலை நோக்கி இழுத்து ஒட்டுங்கள். மூலையில் தொடங்கினால் கட்டமும் கோடும் கோணலாகும். முன்பக்கம் பசை பட்டால் மெல்லிய துணியில் கறையாகத் தெரியும். அட்டையில் செய்த எதையும் தரையிலோ ஓதம் ஏறிய சுவரிலோ வைக்க வேண்டாம், பூச்சி வரும்.

இனி சுவர். இருபக்க டேப்பில் ஒட்டிய ஃப்ரேம் இரவில் விழுந்து உடைந்தால் எல்லோரும் டேப்பைத்தான் குறை சொல்வார்கள். டேப் பெரும்பாலும் பெயிண்டை நன்றாகவே பிடித்திருக்கும். பெயிண்ட்தான் சுவரை விட்டுக் கழன்றிருக்கும். கறுப்புத் துணியால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். மாவு போல ஒட்டிவந்தால் அந்தச் சுவரில் எந்த டேப்பும் நிற்காது, ஆணிதான் வழி. மாவு வராவிட்டால், அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, டேப்பை 30 விநாடி அழுத்திப் பிடித்து ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்து எடையை ஏற்றுங்கள். கண்ணாடி போட்ட கனமான ஃப்ரேமையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் டேப்பை நம்பி மாட்டவே கூடாது. கட்டில் தலைமாட்டுக்கு மேலே என்றால் கேட்கவே வேண்டாம். டிரில் போடும்போது ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் துளையிடாதீர்கள். வயர்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

பல ஃப்ரேம்களைச் சேர்த்து மாட்டுவதானால், ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளில் வைத்து வரைந்து வெட்டி, கொக்கி வரும் இடத்தைப் புள்ளி வைத்து, முதலில் தாள்களைச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். மொத்தத் தொகுப்பின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வந்தால் கண்ணுக்கு நேராக இருக்கும். இடைவெளி 5 முதல் 7 செ.மீ. போதும். சோபாவுக்கு மேலே என்றால் அதன் முதுகிலிருந்து 15 முதல் 20 செ.மீ. விட்டுத் தொடங்குங்கள். பெரும்பாலான வீடுகளில் படங்கள் தேவைக்கு மேல் உயரத்தில்தான் தொங்குகின்றன. தாள் வைத்துப் பார்த்தால் அது உடனே தெரிந்துவிடும். திருப்தியானதும் புள்ளியின் மேலேயே ஆணியை அடித்து, தாளைக் கிழித்துவிடலாம்.

விளக்கு அலங்காரத்தில்தான் உயிருக்கு ஆபத்து இருக்கிறது. காகிதம், துணி, தெர்மாகோல் இவற்றால் செய்த கூட்டுக்குள் குண்டு பல்பு போடக்கூடாது. எல்இடி மட்டும், அதுவும் காகிதத்தைத் தொடாதபடி நாலு பக்கமும் இடம் விட்டு. தண்ணீர் நிறைந்த உருண்டைக் கண்ணாடிப் பாத்திரத்தை நேர் வெயில் படும் ஜன்னலில் வைக்காதீர்கள். அது லென்ஸ் போல வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைக்கக்கூடும்.

பாட்டிலுக்குள் போடும் சின்னச் சர விளக்குகள் பலவற்றில் பட்டன் பேட்டரி இருக்கிறது. குழந்தை அதை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். திருகு போட்டு மூடும் பேட்டரிப் பெட்டி உள்ள விளக்கையே வாங்குங்கள். தீர்ந்த பேட்டரியை மேசையில் வைக்காமல் உடனே டேப் சுற்றி அப்புறப்படுத்துங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், அறிகுறிக்காகக் காத்திராமல், நேராக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.