பியூரிட்டன்: தமிழில் எப்படிச் சொல்வது?

கொஞ்சம் கறாரான ஆளைக் கண்டால் ‘அவர் பெரிய பியூரிட்டன்’ என்று சொல்லிவிடுகிறோம். சிரிப்பு பிடிக்காது, கொண்டாட்டம் ஆகாது, அடுத்தவர் சந்தோஷமாக இருந்தால் பொறுக்காது என்று அத்தனையும் அதில் அடக்கம். ஆனால் சொல் பிறந்த இடம் வேறு.

தூய்மையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து, 1560களில், முதலாம் எலிசபெத் காலத்து இங்கிலாந்தில் ஒரு வசைப்பெயராகத்தான் இது கிளம்பியது. போப்பை விட்டுப் பிரிந்த பிறகும் இங்கிலாந்துத் திருச்சபையில் குருமார் அங்கி, சிலுவை அடையாளம் போடுவது, திருமண மோதிரம் என்று கத்தோலிக்க வழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பைபிளில் இல்லாத இதையெல்லாம் துடைத்தெறிய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர்களை ‘வந்துட்டாங்கய்யா சுத்தக்காரங்க’ என்கிற தொனியில் ஊர் கிண்டலடித்தது. ஆக, அவர்கள் சுத்தம் செய்யக் கிளம்பியது திருச்சபையை.

இவர்களில் ஒரு கூட்டம் 1630இல் ஜான் வின்த்ரோப் தலைமையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் போய்ச் சேர்ந்ததும் சட்டம் போடும் அதிகாரமும் கைக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை பொழுது சாய்ந்ததுமே ஓய்வுநாள் தொடங்கிவிடும், அப்புறம் வேலை, விளையாட்டு எதுவும் கூடாது. வழிபாட்டுக் கூடத்தில் பனிக்காலத்திலும் கணப்பு கிடையாது, பிரசங்கமோ மணிக்கணக்கில் போகும், நடுவே கண்ணசந்தால் நீளக் கோலோடு சுற்றிவரும் ஆள் தட்டி எழுப்புவார். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று 1659இல் சட்டமே இருந்தது, 1681இல்தான் நீக்கினார்கள். ஏசு பிறந்த தேதி பைபிளில் எங்கே இருக்கிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. அதே கணக்கில், திருமணம் ஒன்றும் திருவருட்சாதனம் (இறையருள் தரும் புனிதச் சடங்கு) அல்ல என்று அதை மதகுருவிடமிருந்து பிடுங்கி நீதிபதியிடம் கொடுத்தார்கள், விவாகரத்துக்கும் வழி வைத்தார்கள். பீர் தாராளமாகக் குடித்தார்கள், போதையேறி ஆடினால்தான் தண்டனை. மாற்றுக் கருத்துக்கு மட்டும் இரக்கமே இல்லை: குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயர் என்ற பெண்ணை 1660இல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள்.

சரி, தமிழில்? சிலர் ‘ஆசாரக்காரர்’ என்கிறார்கள். எனக்கு அது சுத்தமாக ஒத்துவரவில்லை. ஆசாரம் என்றால் சடங்கைப் பிசகாமல் செய்வது, இவர்களோ சடங்கையே ஒழிக்கப் புறப்பட்டவர்கள். ‘தூய்மைவாதி’ பரவாயில்லை, ஆனால் மொழியில் பிறசொல் கலக்கக் கூடாது என்பவரையும் அப்படித்தானே சொல்கிறோம், குழப்பம் வரும். ‘தூய்மையாளர்’ என்று ஏற்கெனவே புழங்கும் சொல்தான் இந்த வரலாற்றுக் கூட்டத்துக்குப் பொருத்தம். வெறும் குணத்தைச் சொல்ல ‘ஒழுக்கக் கெடுபிடி’ போதும்.

ஒரு எச்சரிக்கை: 1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்காவின் பிளிமத் வந்தவர்களையும் இதே பெயரில் சேர்த்துவிடாதீர்கள். அவர்களில் மதக் காரணத்துக்காக வந்தவர்கள் திருச்சபையைத் திருத்தவெல்லாம் காத்திருக்காமல் அதைவிட்டே வெளியேறியவர்கள். அவர்களுக்கு ‘யாத்ரீகத் தந்தையர்’ என்று தனிப்பெயர் இருக்கிறது.