பட்டர்கப்: வெண்ணெயா, தவளையா?

தில்லி மயூர் விஹாரில் எதிர்வீட்டுப் பெண் ஆங்கிலப் பாடப்புத்தகத்தை நீட்டி, "ஆன்ட்டி, பட்டர்கப்புக்குத் தமிழ்ல என்ன?" என்றாள். 'வெண்ணெய்க் கிண்ணம்' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். வெண்மை, நெய் இரண்டும் சேர்ந்ததுதான் வெண்ணெய். தமிழில் அது பெயரிலேயே வெள்ளை. இங்கே பராட்டா மேல் வைக்கிற எருமைப்பால் மக்கனும் வெள்ளைதான். பட்டர்கப் பூவோ பளீர் மஞ்சள்.

ஐரோப்பியப் புல்வெளிகளில் ஆண்டுதோறும் வேரிலிருந்து துளிர்க்கும் பல்லாண்டுச் செடி அது. ஐந்து இதழ்களும் எண்ணெய் தடவியதுபோல மின்னும். பூவை மோவாய்க்கு அடியில் பிடித்து, தோலில் மஞ்சள் விழுந்தால் 'உனக்கு வெண்ணெய் பிடிக்கும்' என்பது அங்கே குழந்தைகள் விளையாட்டு. (பிடிக்காதவர்களுக்கும் விழும்.) இதைத் தின்ற பசுவின் வெண்ணெய் மஞ்சளாகும் என்றும் நம்பினார்கள். பசுவோ இதை ஒதுக்கிவிட்டுத்தான் மேயும். பச்சைச் செடியின் சாறு அத்தனை காரம், வாயைப் புண்ணாக்கிவிடும். செடி காய்ந்துவிட்டால் அந்த நச்சு அடங்கிவிடுகிறது.

ஆக, வெண்ணெய்க் கதையே பொய். தாவரவியல் பெயரான ரனன்குலஸ் இன்னும் நேர்மையானது. லத்தீனில் ரானா என்றால் தவளை. ரனன்குலஸ், குட்டித் தவளை. இந்த இனத்துச் செடிகள் பலவும் தவளை குதிக்கும் ஈர மண்ணில் வளர்வதால் வந்த பெயர் என்பார்கள்.

தில்லியிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. குளிர்காலச் சேற்றில் முளைக்கும் ஜல்தனியா, அதாவது நீர்க்கொத்தமல்லி. சின்ன மஞ்சள் பூ, கொத்தமல்லிச் சாயலில் இலை, ஓராண்டு ஆயுள். ஆசைப்பட்டுக் கிள்ளினால் கை கொப்புளிக்கும். நீலகிரிப் புல்வெளியில் பல்லாண்டு வாழும் மஞ்சள் உறவும் உண்டு. நான் ரொட்டியில் தூவுகிற கலோஞ்சி, நம் கருஞ்சீரகம், இதே குடும்பம்தான்.

பூனைமீசை, தேள்கொடுக்கு, யானைநெருஞ்சில் என்று செடிகளுக்கு விலங்குப் பெயர் வைத்துப் பழகியவர்கள் நாம். என்னைக் கேட்டால், தவளைப்பூ என்றே சொல்லலாம். காரம் மிகுந்த ரனன்குலஸ் ஆக்ரிஸுக்குக் காரத்தவளைப்பூ.

"தவளையா? சீ!" என்றவள், பென்சிலை எடுத்து ஓரத்தில் தேவநாகரியில் எழுதத் தொடங்கினாள். 'ள'வுக்கு எழுத்து தேடி, கிடைக்காமல், 'ல' போட்டுக்கொண்டாள்.