இறக்கத்தில் கால் எங்கே விழுகிறது?

மலையகத்தில் ஓடிப் பழகுபவர்கள் ஏற்றத்தைத்தான் குறை சொல்வார்கள். மூச்சு வாங்குவது அங்கேதான். ஆனால் மறுநாள் படியிறங்க முடியாமல் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்க வைப்பது இறக்கம். நுவரெலியா நகரிலிருந்து நானுஓயா புகையிரத நிலையத்துக்கு ஓடினால் ஏறத்தாழ 250 மீற்றர் கீழே வந்துவிடுகிறோம். அவ்வளவு இறக்கத்தையும் அடியடியாகத் தாங்கிப் பிடிப்பது கால்தான்.

சமதரையிலேயே ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு விசை காலில் ஏறுகிறது. 9 பாகை சரிவு என்பது 100 மீற்றர் தூரத்துக்குச் சுமார் 16 மீற்றர் இறக்கம். தோட்டத்துக் குறுக்குப்பாதைகள் பல இப்படித்தான் இருக்கும். அந்தச் சரிவில் பாதம் தரையைத் தொட்டவுடன் எழும் அதிர்வு 54 சதவீதமும், ஓட்டத்தைத் தடுக்கும் விசை 73 சதவீதமும் கூடுவதை 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று அளந்து காட்டியது. இந்தத் தடுப்பு வேலையில் பெரும்பங்கு தொடையின் முன்பக்கத் தசைக்கு. முழங்கால் மடங்க மடங்க அது நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அப்படி நீளும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம். வலி அன்றைக்குத் தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்கு வரும்.

குதிகாலில் இறங்குவதா, முன்பாதத்தில் இறங்குவதா என்று பெரிய விவாதமே நடக்கிறது. ஜப்பானில் ஓர் அரை மரதன் ஓட்டத்தை 15ஆவது கிலோமீற்றரில் படமெடுத்துப் பார்த்தபோது, தேர்ந்த வீரர்களிலேயே முக்கால்வாசிப் பேர் குதிகாலில்தான் இறங்கினார்கள். முன்பாதத்துக்கு மாறினால் முழங்காலின் சுமை குறையும். அந்தச் சுமை கெண்டைக்காலுக்கும், அதைக் குதியோடு இணைக்கும் குதிகால் தசைநாணுக்கும் போய்ச் சேரும். ஆகவே பாதத்தின் எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பதைவிட, பாதம் இடுப்புக்கு எவ்வளவு முன்னால் விழுகிறது என்று பார்ப்பதே பயன் தரும். முழங்காலை நீட்டி எட்டிப் போட்ட கால் ஒவ்வோர் அடியிலும் பிரேக் பிடிக்கிறது.

வழுக்குவதற்கும் இதுவே காரணம். எட்டி விழும் பாதம் தரையைக் கீழே அழுத்துவதோடு முன்னாலும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்க உராய்வு வேண்டும். மழைக்காலத்தில் பாசி படிந்த கொங்கிறீட் பாதையில் அந்த உராய்வு கிடைக்காது, கால் சறுக்கிவிடும். அடியைச் சுருக்கி, பாதத்தை உடலுக்குக் கிட்ட வைத்தால் தேவைப்படும் உராய்வே குறைந்துவிடும்.

உங்கள் கால் எங்கே விழுகிறது என்று பார்க்க, கைத்தொலைபேசியை முழங்கால் உயரத்தில் ஒரு கல்லின்மேல் வைத்து, நான்கைந்து மீற்றர் பக்கவாட்டிலிருந்து மெதுவான வேகத்தில் பதிவாகும்படி படமெடுங்கள். பாதம் தரையைத் தொடும் கணத்தில் படத்தை நிறுத்துங்கள். முழங்கால் சற்று மடங்கி, கணுக்கால் அதற்கு நேர் கீழே இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். கணுக்கால் முழங்காலைத் தாண்டி முன்னே கிடந்தால் திருத்த வேண்டும். சப்பாத்தின் வெளிக் குதி தேய்வதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். நன்றாக ஓடுபவர்களுக்கும் அது தேயும்.

திருத்துவதற்கு எளிய வழி அடியின் எண்ணிக்கையைக் கூட்டுவது. வழக்கமான வேகத்தில் ஓடியபடி 30 விநாடிக்கு வலது கால் எத்தனை முறை படுகிறது என்று எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 40 என்றால் நிமிடத்துக்கு 160 அடி. அதே வேகத்தில் ஐந்து சதவீதம் கூட்டினால் 168, அதாவது 30 விநாடிக்கு 42. முழங்காலின் சுமை குறைய இந்தச் சிறிய மாற்றமே போதும். 180 என்று பலர் சொல்வது 1984 ஒலிம்பிக்கில் ஓடிய வீரர்களைப் பார்த்து வந்த எண். மெதுவாக ஓடுபவர் அதைத் துரத்தத் தேவையில்லை. ஒரு நிமிடம் புதிய தாளம், இரண்டு நிமிடம் பழைய ஓட்டம் என்று மாற்றி மாற்றிப் பழகுங்கள்.

இதில் மலைநாட்டாருக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஏற்றத்தில் எட்டிக் கால் போடவே முடியாது. பாதம் தானாக உடலுக்குக் கீழே விழும். 20 விநாடி ஏறி, மேலே சமதரை வந்ததும் அதே உணர்வை விடாமல் இன்னும் 20 விநாடி ஓடிப் பாருங்கள். எத்தனை விளக்கம் கேட்டாலும் கிடைக்காத தெளிவு அதில் கிடைக்கும்.

இறக்கத்தில் பயத்தால் உடல் பின்னே சாயும், உடனே கால் முன்னே பாயும். இடுப்பை மடிக்காமல், கணுக்காலிலிருந்தே சற்று முன் சாயுங்கள். கைகளைக் கொஞ்சம் அகல விடுங்கள். கண் நான்கைந்து காலடிகளுக்கு அப்பால் இருக்கட்டும். பாதைக்குக் குறுக்கே ஓடும் கான் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

தொடக்கத்தில் 100 மீற்றருக்கு நான்கைந்து மீற்றர் இறங்கும் வீதியில் 100 மீற்றர் ஓட்டம் ஆறு தடவை, வாரத்தில் ஒரு நாள் மட்டும். ஒருமுறை இறக்கத்தைத் தாங்கிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே சுமையில் அவ்வளவாகச் சேதப்படாது. அதனால் போட்டிக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே கடினமான இறக்கத்தை ஓடி முடித்துவிடுங்கள். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் தசைநாண் வலித்தால் அந்த வாரம் இறக்கமும் வேண்டாம், முன்பாதப் பயிற்சியும் வேண்டாம்.

இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுப்பது பாதம் சப்பாத்துக்குள் முன்னே வழுக்குவதால்தான். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கயிற்றைக் கடைசித் துளைவரை கோர்த்து, குதிகால் நகராதபடி கட்டுங்கள்.